சாலைக் கட்டணம் எந்த உண்டியலில் விழுகிறது?

நாகர்கோவிலில் வேப்பமூடு சந்திப்பிலிருந்து மணிமேடை வழியாக வடசேரி வரை மாலை நேரத்தில் தனியொருவராகக் கார் ஓட்டிச் செல்பவர், அந்த நேரத்தில் அந்தச் சாலையில் இடம் பிடித்ததற்காக ஒரு பைசாவும் கொடுப்பதில்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் நகரப் பேருந்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஐம்பது பேர்தான் தங்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள். சாலைக்கு விலை வைப்பது என்று பொருளாதார அறிஞர்கள் சொல்வதன் அடிப்படை இவ்வளவுதான்: நெரிசலான நேரத்தில், நெரிசலான இடத்தில், பிறருக்கு உண்டாக்கும் தாமதத்துக்கு ஓட்டுபவரே ஒரு தொகை கொடுக்க வேண்டும். நாம் டோல்கேட்டில் கட்டுவது வேறு. அது சாலை போட்ட செலவைத் திரும்ப எடுப்பதற்கானது; நெரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நள்ளிரவானாலும் நண்பகலானாலும் ஒரே தொகை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பேச்சு தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையிலேயே, தனியார் வாகனங்களின் பயன்பாட்டைக் கட்டணத்தின் மூலம் மட்டுப்படுத்துவது பற்றிப் பேசப்பட்டிருக்கிறது. ஆயினும் நம் ஊர் அரசியல்வாதிகள் யாரும் அதை வாயில் எடுப்பதில்லை. அவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். என் எண்ணம் அதுவல்ல. அவர்கள் மிகக் கவனமாகக் கணக்குப் போடுகிறார்கள், அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. அந்தக் கணக்கை மாற்றக்கூடிய ஒரே அம்சம், வசூலாகும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதுதான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அது ஒன்றையே.

சென்ற ஆண்டு, எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு வார்டு உறுப்பினரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கடைவீதியில் நிறுத்தும் கார்களுக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கினால் என்ன என்று கேட்டேன். அவர் சிறிதும் யோசிக்காமல் பதில் சொன்னார்: “அண்ணே, கார்க்காரங்ககிட்ட இருபது ரூபா வாங்குனா, அன்னைக்கே எனக்கு போன் போட்டு சத்தம் போடுவாவ. பஸ் பத்து நிமிஷம் முன்னாடி வந்துச்சுன்னு சொல்லி எனக்கு யாரு போன் போடுவாவ?” கொஞ்ச நேரம் கழித்து அவரே இன்னொன்றும் கேட்டார்: “சரி, அந்த இருபது ரூபா எங்க போவும்? எங்க வார்டுக்கு வருமா, இல்ல காண்ட்ராக்டருக்கா?”

முதல் கேள்வி உலகம் முழுவதும் எல்லா உள்ளூர் அரசியல்வாதிகளும் கேட்பது. கொடுப்பவருக்கு வலி உடனே தெரியும். பெறுபவர்கள் பலராக இருந்தாலும் அவர்களுக்குக் கிடைப்பது ஆளுக்குச் சில நிமிடங்கள்தான், அந்த நிமிடங்கள் எதனால் கிடைத்தன என்பதும் அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது கேள்வியை நான் பல நாட்கள் மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த உறுப்பினரின் அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில்தான் நாகர்கோவில் மாநகராட்சியின் 52 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2019இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த பிறகு அதுவே முதல் தேர்தல். அவர்கள் பதவியேற்ற மறு மாதமே, ஏப்ரல் தொடக்கத்தில், தமிழ்நாடு முழுவதும் சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டது. வீட்டின் பரப்பளவுக்கு ஏற்ப 25 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே போன உயர்வு அது. முடிவு எடுத்தது சென்னையில்; பதில் சொன்னது வார்டில். அதைப் பட்டறிந்த ஒருவரிடம் புதிதாக ஒரு கட்டணத்தைப் பற்றிப் பேசினால் அவர் முகம் சுருங்குவதில் என்ன வியப்பு?

சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நடந்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளூர் அரசியல்வாதி எதை எதை எடைபோடுகிறார் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறு இல்லை. 2002 தேர்தலில் அந்நகரின் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவி, நெரிசல் கட்டணம் கொண்டுவர மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் வென்றார். நாட்டின் ஆட்சியோ பசுமைக் கட்சியின் ஆதரவைச் சார்ந்திருந்தது. அக்கட்சி வைத்த நிபந்தனை இந்தக் கட்டணம்தான். ஆகவே கொடுத்த வாக்கை மீறி, 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை ஒரு சோதனை ஓட்டமாகக் கட்டணத்தைக் கொண்டுவந்தார்கள். நகர எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பொறுத்து 10 முதல் 20 குரோனா. ஒரு நாளைக்கு எவ்வளவு முறை கடந்தாலும் 60 குரோனாவுக்கு மேல் இல்லை. கட்டணம் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே, 2005 ஆகஸ்டில், கூடுதல் பேருந்துகளை ஓட விட்டுவிட்டார்கள். சோதனைக் காலத்தில் எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன.

ஜூலையில் கட்டணம் நின்றது, செப்டம்பரில் வாக்கெடுப்பு வந்தது. இடைப்பட்ட அந்த வாரங்களில் நெரிசல் திரும்பி வந்ததை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் கட்டணம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். ஆனால் தாமாகவே வாக்கெடுப்பு நடத்திய சுற்றுப்புற ஊராட்சிகளில், வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். நகரத்துக்குள் இருப்பவர் நெரிசல் குறைவதைத் தினமும் அனுபவிக்கிறார். வெளியிலிருந்து காரில் வருபவர் கட்டணத்தைத் தினமும் கட்டுகிறார். அவரவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு தீர்ப்புமே நியாயமானவை. கட்டணத்தைக் கொண்டுவந்த அந்தத் தலைவி அதே நாளில் நடந்த நகரத் தேர்தலில் ஆட்சியை இழந்தார். அதை எதிர்த்துப் பேசி வென்ற கட்சிகளோ, கட்டணத்தைக் கைவிடவில்லை. வருவாயில் ஒரு பெரும் பங்கைத் தாங்கள் விரும்பிய சாலைத் திட்டங்களுக்குச் செலவிடுவோம் என்று அறிவித்துவிட்டு, 2007 ஆகஸ்டில் அதை நிரந்தரமாக்கினார்கள்.

இதிலிருந்து நம் உள்ளூர்த் தலைவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் கசப்பானது: நல்ல திட்டத்தைக் கொண்டுவந்தவர் தோற்கலாம், திட்டம் ஜெயிக்கலாம். லண்டனில் 2003 பிப்ரவரி 17 அன்று 5 பவுண்டு கட்டணத்தைத் தொடங்கிய மேயர் கென் லிவிங்ஸ்டன் மட்டும் 2004இல் மீண்டும் வென்றார். அவர் அதைத் தம் தேர்தல் அறிக்கையிலேயே சொல்லிவிட்டு வந்தவர், பதவிக்காலத்தின் நடுவிலேயே செய்து முடித்தவர், வருவாய் முழுவதும் போக்குவரத்துக்கே செலவாக வேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்தியிருந்தது. அவரே பின்னர் மேற்குப் பகுதிக்கு அதை நீட்டித்தபோது அங்குள்ளவர்கள் ஏற்கவில்லை. அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் அந்த நீட்டிப்பை 2011 ஜனவரியில் நீக்கினார். எடின்பரோ மக்கள் 2005இல் நான்கில் மூன்று பங்கு வாக்குகளால் கட்டணத்தை மறுத்தார்கள். மான்செஸ்டர் வட்டாரத்தின் பத்து நகராட்சிகளும் 2008 டிசம்பரில் ஒன்று விடாமல் மறுத்தன. இவ்விரு ஊர்களிலும் மக்களிடம் முதலில் கருத்துக் கேட்டார்கள். ஸ்டாக்ஹோமில் முதலில் செய்து காட்டிவிட்டுப் பிறகு கேட்டார்கள். இந்த வரிசை மாற்றம் சிறிய விஷயமல்ல.

நம் நாட்டு எடுத்துக்காட்டு மும்பை. நகருக்குள் நுழையும் ஐந்து சுங்கச்சாவடிகளிலும் கார்களுக்கு இருந்த 45 ரூபாய் கட்டணத்தை மகாராஷ்டிர அமைச்சரவை 2024 அக்டோபர் 14 அன்று ரத்து செய்தது. மறுநாளே சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. அந்தக் கட்டணம் ஒழிந்ததற்காக எந்தக் கட்சியும் வருந்தியதாக எனக்கு நினைவில்லை. நெரிசலைக் குறைப்பதற்காக வாங்கிய கட்டணமும் அல்ல அது, மேம்பாலங்கள் கட்டிய கடனுக்காக வாங்கியது. தன் ஊருக்கு அதனால் இன்று என்ன கிடைக்கிறது என்று எந்தக் கார்க்காரருக்கும் காட்ட முடியாத ஒரு கட்டணத்தைக் காப்பாற்ற எந்த அரசியல்வாதி முன்வருவார்?

இதை வைத்துக்கொண்டு நம் மாவட்டத்துக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் வாழும் மாவட்டம் இது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம். களியக்காவிளையில் தொடங்கி நாகர்கோவில் வரை பழைய சாலையின் இரு பக்கமும் வீடும் கடையும் தேவாலயமும் திருமண மண்டபமுமாக இடைவெளியே இல்லாமல் தொடர்கிறது. மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் 2018இல் மேம்பாலங்கள் திறந்தார்கள். மார்த்தாண்டத்தில் மேலே போகும் வண்டிக்கு வழி கிடைத்தது. கீழே சந்தைக்கு வருபவருக்கும் பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் பேருந்துக்கும் பழைய பாடுதான். புதிய நான்குவழிச் சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இங்கே இனி அகலப்படுத்த இடம் இல்லை என்பதை இடிக்கப்படும் வீட்டின் சொந்தக்காரரைக் கேட்டால் தெரியும். ஆகவே இருக்கும் சாலையை யார், எப்போது, எவ்வளவு பயன்படுத்துவது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாத மாவட்டம் நம்முடையது.

ஆனால் நம் மக்கள் அறிந்த சாலைக் கட்டணம் எது? திருநெல்வேலிக்குப் போனால் நாங்குநேரி சுங்கச்சாவடி. காவல்கிணறு பக்கம் போகும்போது திருப்பதிசாரம். திருவனந்தபுரத்தில் விமானம் பிடிக்கவோ சிகிச்சைக்கோ கேரளத்துப் புறவழிச்சாலையில் போனால் திருவல்லம். இந்த மூன்றிலும் பாஸ்டேக்கில் கழியும் ஒவ்வொரு ரூபாயும் தேசிய நெடுஞ்சாலைக் கணக்குக்குப் போகிறது. அதில் ஒரு பங்குகூடப் பக்கத்து ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ வருவதில்லை. கட்டணம் எவ்வளவு என்று தீர்மானிப்பது 2008ஆம் ஆண்டின் மத்திய விதிகள்; 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் உள்ளூர்க்காரரின் சொந்தக் காருக்கு மாதாந்திரச் சீட்டு உண்டு என்பதையும் அவ்விதிகளே சொல்கின்றன. உள்ளூர் பிரதிநிதிக்கு அதில் பெயரளவுக்குக்கூட இடம் இல்லை. அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம், சாவடி முன்னால் கொடி பிடிப்பது. எனவே எல்லாக் கட்சியினரும் முறை வைத்துக் கொடி பிடிக்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். முடிவெடுக்கும் உரிமையும் வருவாயும் இல்லாதவருக்கு எதிர்ப்பதில் எந்த நட்டமும் கிடையாது. ஆதரிப்பதில் வாக்கு மட்டும் போகும்.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, வாகன வரியையும் சுங்கக் கட்டணத்தையும் மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. மாநிலம் நினைத்தால் அதில் ஒரு பகுதியை உள்ளாட்சிக்குக் கொடுக்கலாம். ஆனால் இன்றைய நிலையில் உள்ளாட்சியின் கையில் முழுதாக இருக்கும் சாலைக் கட்டணம் வாகன நிறுத்தக் கட்டணம் மட்டுமே. அதுவும் நம் ஊர்களில் எப்படி நடக்கிறது? ஆண்டுக்கு ஒருமுறை வசூல் உரிமை ஏலம் போகிறது. ஏலம் எடுத்தவர் ஒரு தொகையைக் கட்டிவிடுகிறார், அது பொது நிதியில் கலந்துவிடுகிறது. அதன் பிறகு களத்தில் நிற்பது கையில் சீட்டுக் கட்டோடு ஒரு பையன். அவன் கிழித்துக் கொடுக்கும் துண்டுச் சீட்டில் வண்டி எண் பாதி எழுதியிருக்கும், தேதி இருக்காது, நேரம் இருக்கவே இருக்காது. பத்து நிமிடம் நிறுத்தினாலும் பகல் முழுவதும் நிறுத்தினாலும் ஒரே தொகை. நேரத்துக்கு விலை இல்லாத இந்த முறையால் நெரிசல் ஒரு துளியும் குறையாது. பணம் எங்கே போயிற்று என்பதும் யாருக்கும் தெரியாது. வார்டு உறுப்பினர் கேட்ட அந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் இருப்பது இந்தச் சீட்டுதான்.

கனிமவளம் ஏற்றிச் செல்லும் டாரஸ் லாரிகளின் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கல்லும் ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிக்கொண்டு நம் மாவட்டத்தின் குறுக்கே கேரளத்துக்குப் போகும் லாரிகளால் ஏற்படும் விபத்துகளும் சாலைச் சிதைவும் இங்கே எல்லாக் கட்சி மேடைகளிலும் பேசப்படுபவை. ஒரு வாகனம் சாலைக்குச் செய்யும் சேதம் அதன் அச்சின் எடையோடு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரும் சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு இது: அச்சின் மேல் எடை இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு. ஆகவே அளவுக்கு மீறி ஏற்றிய ஒரு லாரி போன தடத்தை ஆயிரக்கணக்கான கார்கள் போனாலும் உண்டாக்க முடியாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதமும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. பிடித்தால்தான் அது, பிடித்தாலும் பணம் அரசின் கருவூலத்துக்கு. குழியை மூட வேண்டியது யார்? கிராமச் சாலை என்றால் அந்த ஊராட்சி.

சுவிட்சர்லாந்து இதை வேறு விதமாகத் தீர்த்தது. 2001 ஜனவரி முதல் அங்கே கனரக லாரிகள் எடை, தூரம், புகை அளவு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டணம் கட்டுகின்றன. நாட்டின் குறுக்கே இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போகும் அயல்நாட்டு லாரிகளுக்கும் அதே கட்டணம். 1998இல் வாக்கெடுப்பு வைத்து மக்களின் ஒப்புதலோடுதான் செய்தார்கள். வருவாயில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி ஆல்ப்ஸ் மலையைக் குடையும் ரயில் சுரங்கங்களுக்குப் போனது. லாரி போகும் வழியிலுள்ள மலை மாகாணத்துக்குத் தன் சாலைக்கான பணம் அந்த லாரியிடமிருந்தே வருகிறது என்ற தெளிவு இருந்தது. நம் மாவட்டத்தில் அந்த லாரிகளைத் தடை செய் என்ற கோரிக்கை மட்டுமே ஒலிக்கிறது. தடை சில வாரங்கள் கடுமையாக நடக்கிறது, பிறகு தளர்கிறது. ஆரல்வாய்மொழியிலும் களியக்காவிளையிலும் எடைமேடை வைத்து, டன்னுக்கும் கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று மாநிலம் கட்டணம் விதித்து, அதில் சரிபாதி லாரி கடந்து போன ஊராட்சிகளுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று ஒரு சட்டம் வந்தால், அதை எதிர்த்துப் பேச எந்த ஊராட்சித் தலைவர் துணிவார்? கட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே வாக்கும் இல்லை. உள்ளூர் அரசியலின் தராசில் இவ்வளவு எளிதாகத் தாழக்கூடிய வேறு சாலைக் கட்டணம் இல்லை என்றே நினைக்கிறேன்.

இதைச் சொல்லும்போது ஒரு நெருடலும் இருக்கிறது. வாக்கு இல்லாதவரிடம் வாங்குவது சுலபம் என்பதாலேயே அது நியாயமாகிவிடாது. எடைக்கும் சேதத்துக்கும் ஏற்ற அளவு என்ற வரம்பை மீறினால் அது வெறும் வழிப்பறியாகிவிடும். நம் ஊர் ரப்பரும் மீனும் தேங்காயும் ஏற்றிய வண்டிகள் கேரளத்துக்குப் போகும்போது அங்கேயும் அதே பதில் கிடைக்கும்.

நகரத்துக்குள் கணக்கு இதைவிடக் கடினம். நாகர்கோவிலில் எந்தக் கட்டணத்தைப் பற்றிப் பேசினாலும் எழும் முதல் கேள்வி, பைக்குக்கு உண்டா என்பதாகவே இருக்கும். சாலையில் ஓடுபவற்றில் பெரும்பான்மை இருசக்கர வாகனங்கள், ஒவ்வொன்றும் ஒரு வாக்கு, பல சமயம் இரண்டு வாக்கு. அவற்றுக்கு விலக்கு அளிப்பது அரசியலுக்காக மட்டுமல்ல, நியாயத்தின்படியும் சரி. சாலையின் பாதியை அடைத்து நிற்பவை கார்கள்தான். அடுத்து வணிகர்கள். கார் நிறுத்த இடம் இல்லையென்றால் வாடிக்கையாளர் வேறு ஊருக்குப் போய்விடுவார் என்ற அச்சம் அவர்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. ஒரு கடைக்காரர் நாளொன்றுக்கு நூறு பேரிடம் பேசுகிறார் என்பது உறுப்பினருக்கும் தெரியும். ஆனால் காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலில் கொண்டு வந்து நிறுத்தி இரவு வரை எடுக்கப்படாத கார்களில் பல, கடைக்காரர்களுடையவையும் அங்கே வேலை செய்பவர்களுடையவையுமே. மணிக்கணக்கில் கூடும் கட்டணம் வந்தால் முதலில் நகர வேண்டியவை அவைதான். வாடிக்கையாளருக்கு இடம் கிடைக்கும். அடுத்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருபவர்கள். அவர்களுக்குக் கட்டணம் என்று எவராவது சொன்னால் அந்தத் திட்டம் அன்றோடு முடிந்தது. ஸ்டாக்ஹோமிலும் நகரத்தின் வழியாக மட்டுமே வெளியேற முடிந்த லிடிங்கோ தீவு மக்களுக்கு விலக்குக் கொடுத்துத்தான் தொடங்கினார்கள்.

ஆகவே நாகர்கோவிலில் நடக்கக்கூடியது என்று நான் எண்ணுவது மிகச் சிறியது. மணிமேடையைச் சுற்றியுள்ள மூன்று நான்கு சாலைகளில், கார்களுக்கு மட்டும், முதல் அரைமணி நேரம் இலவசமாக, அதன் பின் மணிக்கு மணி கூடும் நிறுத்தக் கட்டணம். ஏலம் இல்லை, கியூஆர் பலகை வழியாகப் பணம் நேராக மாநகராட்சியின் தனிக் கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கில் சேர்ந்ததும் செலவானதும் மாதந்தோறும் அதே தெருவில் பலகையில் எழுதி வைக்கப்படும். அந்தப் பணத்தில் அந்த வார்டுகளின் நடைபாதை, பேருந்து நிறுத்த நிழற்குடை, வடிகால் மூடி தவிர வேறு எதுவும் செய்யக்கூடாது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். அந்தப் பேருந்துகள் நேரத்துக்கு வர வேண்டும் என்று விரும்பும் பெண்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள். கார்க்காரரின் சத்தத்துக்கு எதிரில் உறுப்பினருக்குக் கைகொடுக்கக் கூடியவர்கள் அவர்கள்தான், ஆனால் எந்த நிழற்குடை எந்தப் பணத்தில் வந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

காலமும் கணக்கில் உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. 2022இல் வந்த மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டுகளும் 2027 தொடக்கத்தில் முடிகின்றன. பதவிக்காலத்தின் கடைசி ஆண்டில் எந்த உறுப்பினரும் இதைத் தொட மாட்டார், தொடச் சொல்வதும் நியாயமில்லை. புதிய மன்றம் வந்த முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கி, ஆறு மாதம் நடத்திப் பார்த்து, ஒரு மாதம் நிறுத்திவிட்டு, அதன் பிறகு அந்தத் தெருக்காரர்களிடம் கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அடுத்த தேர்தலுக்கு அப்போதும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இருக்கும். எங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்களிடம், எந்தக் கட்சியானாலும், நிறுத்தக் கட்டண வசூலை ஏலம் விடாமல் வார்டுக் கணக்கில் சேர்க்கத் தீர்மானம் கொண்டுவருவீர்களா என்று கேட்க இருக்கிறேன். கேட்பவர் நான் ஒருவன் என்றால் சிரித்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்; தெருவுக்கு இருபது வீட்டில் கேட்டால் தேர்தல் அறிக்கையில் ஒரு வரியாவது வரும்.